முந்நூற்று நாற்பத்தொன்றாம் சீட்டு

எங்கள் சபையின் சமுதாயக் கூடத்துக்கு வெள்ளி விழா வருகிறது. மலர் போடுகிறார்கள். மலர்க் குழுவின் செயலர் ஜான்சன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். கொடுத்த காப்பியை ஆறவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"அங்கிள், நீங்கதான் அப்போ ஆபீஸ்ல இருந்தீங்க. இந்த பில்டிங்குக்கு ஃபண்ட் எப்படி கலெக்ட் பண்ணீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பாசிட்டிவா இருக்கட்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு வேணும்."

"பாசிட்டிவ்னா இன்னாப்பா?"

"யாரையும் ஹர்ட் பண்ணாம, அங்கிள்."

இரண்டு பக்கத்தில் முடியாது என்பது இப்போதே தெரிகிறது. யாரையும் புண்படுத்தாமல் முடியுமா என்பதைப் போகப் போகப் பார்ப்போம். புகைப்படம் மட்டும் தயார்.

என் பெயர் பாக்கியநாதன். முப்பத்தொரு வருடம் சபை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி கையெழுத்து. அப்போதிருந்த ஆயர் ஒரு தாளைக் கொடுத்து என் பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நாளையிலிருந்து வந்துடு" என்றார். அவ்வளவுதான் என் நேர்காணல். முதல் ஐந்து வருடம் செல்லரித்த பழைய பதிவேடுகளைப் புதிய பதிவேடுகளில் பிரதி எடுப்பதிலேயே போயிற்று. பூச்சி உருண்டை வாசனையைத் தவிர அதில் நினைவுகூர ஒன்றுமில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடுகள். ஊரில் ஒருவர் இந்த மூன்றிலும் இடம்பெற்றுவிட்டால் அவருக்கும் எனக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்தது. நான் எழுதிக் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழை ஒரு தூதரகத்தில் பார்த்துவிட்டு "இது அச்சா, கையெழுத்தா?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருடம் ஓட்டினேன். இப்போது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அடித்துத் தருகிறது, சுற்றிலும் ரோஜாப்பூ பார்டருடன். ஞானஸ்நானச் சான்றிதழா கல்யாணப் பத்திரிகையா என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம்.

சமுதாயக் கூடம் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு பழைய ஹால் இருந்தது. ஓட்டுக்கூரை, தேக்கு உத்தரம், வௌவால். வெள்ளைக்காரப் பாதிரியார்கள் கட்டியது. அதைப் பழுது பார்க்காமல் இருப்பதற்குச் சபைக் குழு அதையே காரணமாகச் சொல்லி வந்தது. "வெள்ளைக்காரன் கட்டினதுப்பா, இன்னும் நூறு வருஷம் நிக்கும்." இந்த விவரம் கரையானுக்குத் தெரியாது. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், தேர்தல் வந்தால் ஓட்டுச்சாவடி, போலியோ சொட்டு மருந்து, எல்லாம் அங்கேதான். வாடகை குறைவு என்பதால் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு நிச்சயதார்த்தங்களும் அங்கேயே நடக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒரு நிச்சயதார்த்தத்தின்போது உத்தரத்தின் ஒரு முனை உடைந்து நேராகச் சாம்பார் அண்டாவுக்குள் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. சாம்பாரைக் கொட்டிவிட்டு வேறு வைத்ததாகக் குழுக் கூட்டத்தில் சொன்னார்கள். அன்று பந்தியில் நானும் இருந்தேன்; அவ்வளவு சீக்கிரம் எந்தச் சாம்பாரும் கொதிக்காது.

அந்த மரத்துண்டு விழுந்த பிறகுதான் பழைய ஹாலை இடித்துவிட்டு, ஊரார் எல்லாரும் புழங்குகிற மாதிரி சமையற்கூடத்தோடு ஒரு சமுதாயக் கூடம் கட்ட வேண்டும் என்று முடிவானது.

அப்போது இருந்த ஆயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கசப்பான சொல் எதுவும் அவர் காதில் ஏறாது, தாளிலும் ஏறாது. நான் தட்டச்சு செய்து வைக்கும் கடிதத்தைப் பச்சை மை பேனாவோடு எடுத்து வைத்துக்கொள்வார். 'இடிந்து விழும் நிலையில் உள்ள ஹால்' என்று எழுதியிருப்பேன். அடித்துவிட்டு 'ஓய்வுக்கு ஏங்கும் ஹால்' என்று எழுதுவார். 'கடன்' என்பது 'முன்கூட்டி வந்த ஆசீர்வாதம்' ஆகும். 'இதுவரை யாரும் பணம் தரவில்லை' என்ற வாக்கியம் 'நாம் காத்திருப்பின் காலத்தில் இருக்கிறோம்' என்று மாறும். நான் மறுபடியும் முழுக் கடிதத்தையும் அடிப்பேன். அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. தர்மசங்கடமான ஏதாவது கண் முன்னால் நடந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெள்ளை அங்கியின் நுனியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறும்வரை அவர் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

நிதி திரட்ட வாசல் கேட்டின் அருகே பெரிய பலகை ஒன்று வைத்தோம். அதில் ஒரு தெர்மாமீட்டர் வரைந்திருந்தது. பணம் வர வரச் சிவப்பு வண்ணத்தை மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வருடம் அந்தச் சிவப்பு அடிக்குமிழைத் தாண்டவில்லை. எதிர்ப்புறம் டீக்கடைக்கு வருகிறவர்கள், "இன்னாங்க, உங்க கோயிலுக்கு இன்னும் ஜன்னியா?" என்று விசாரிப்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐந்து முறை திருப்பித் திருப்பி விற்றோம். வாங்கியவர்கள் எல்லாரும் அதைக் கூடத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அதில் மூன்று பேர் ஏலத் தொகையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பொருளாளர் குலுக்கல் சீட்டு போடலாம் என்றார். சூதாட்டம் என்று பாதிக் குழு எழுந்தது. ஆயர் கண்ணாடியைத் துடைத்தார். ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஜெபித்துவிட்டு வந்து, "இதை நாம அன்பின் சீட்டுன்னு சொல்லலாமே" என்றார். எழுந்த பாதி உட்கார்ந்துவிட்டது.

முதல் பரிசு என்ன என்பதற்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. பட்டுப்புடவை என்று ஒருவர் சொன்னார். "காஞ்சிபுரத்துல பட்டுப்புடவைக்குச் சீட்டா? தென்னேரியில போய்த் தண்ணி விக்கற கதைதான்" என்று எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் பெண்கள் ஐக்கியத் தலைவி சொன்னது நின்றது: மாவரைக்கும் கிரைண்டர். இரண்டு லிட்டர் பிடிக்கும், கல்லோடு சாய்த்து மாவை வழிக்கிற மாடல். இரண்டாம் பரிசு குக்கர், மூன்றாம் பரிசு சுவர்க் கடிகாரம். மூன்றையும் வாங்கி, பழைய ஹாலில் ஒழுகாத மூலை ஒன்றைத் தேடிப்பிடித்து, மேசைமேல் வண்ணக் காகிதம் ஒட்டிக் காட்சிக்கு வைத்தோம். மூன்று மாதம் ஆராதனை முடிந்ததும் பெண்கள் நேராக அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

என் மனைவி எஸ்தரும் போவாள். அவள் மட்டும் தொட்டுப் பார்ப்பாள்.

எஸ்தர் அப்போது வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். தெருவில் பதினைந்து இருபது வீட்டுக்கு அவள் மாவுதான். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்ட மாவு தனி. எல்லாம் ஆட்டுக்கல்லில், கையால். வலது தோளில் வலி வந்து அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் ஆகியிருந்தது. ஆராதனையில் கை உயர்த்தும்போது இடது கையை உயர்த்துவாள். ஆஸ்பத்திரியில் ஆட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நின்றுவிடும். சபை எழுத்தரின் சம்பளத்தில் கிரைண்டர் என்ற சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவள் ஒரே ஒரு சீட்டு வாங்கினாள். மாவு விற்ற காசு. "நல்ல நெம்பரா குடுங்க" என்றாள். "எல்லா நம்பரும் நல்ல நம்பர்தான்" என்று சொல்லி முந்நூற்று நாற்பத்தொன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அந்தச் சீட்டைப் பாட்டுப் புத்தகத்தில் அதே எண்ணுள்ள பாட்டின் பக்கத்தில் வைத்தாள். எங்களிடம் நிற்கும் அடிக்கட்டையில் நான் என் கையால் எழுதினேன்: எஸ்தர் பாக்கியநாதன்.

மற்ற சீட்டுகளை விற்கத் தெருத் தெருவாக அலைந்தேன். சபைக்கு வெளியிலிருந்தும் வாங்க வேண்டும், கூடம் எல்லாருக்கும் ஆனது அல்லவா. சின்ன காஞ்சிபுரத்தில் வரதாச்சாரி சார் வீட்டுக்கும் போனேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்தியவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

"எத்தனை சீட்டுடா அச்சடிச்சிருக்கேள்?"

"ரெண்டாயிரம் சார்."

"அப்போ எனக்கு விழறதுக்கு ரெண்டாயிரத்துல ஒண்ணு. பேஷ். ஒண்ணு குடு. விழாதுங்கற தைரியத்துலதான் வாங்கறேன். விழுந்துதுன்னா மாமி அதை ஆத்துக்குள்ள சேர்க்க மாட்டா." அடிக்கட்டையில் நான் அவர் பெயரை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கையெழுத்து அப்படியே இருக்குடா. கணக்குல நீ கோட்டை விட்டப்போல்லாம் எழுத்துக்காகவே ரெண்டு மார்க் போட்டிருக்கேன், தெரியுமோ?"

குலுக்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு. இரண்டாயிரம் அடிக்கட்டைகளை மடித்துப் போட ஒரு பாத்திரம் வேண்டும். ஹாலின் சாம்பார் அண்டாவை, உத்தரம் விழுந்து நசுங்கியதும் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டோம். ஞானஸ்நானத் தொட்டியைக் கொடுக்க ஆயர் சம்மதிக்கவில்லை. அதற்கு மட்டும் வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை போலும். கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடும் முனுசாமி தன்னுடைய செப்புக் கொப்பரையைக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் பெரிய பாத்திரம் என்றால் எங்களுக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். சாயக் கொப்பரையில் சீட்டுக் குலுக்க வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றாது.

"நல்லா தொடைச்சிட்டேன்பா. மூஞ்சி பாத்துக்கலாம், அப்படி இருக்குது" என்றார் முனுசாமி.

பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் சாயப்பொடி காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, ஈரம் பட்டால்தான் உயிர் வரும். அன்று நல்ல வெயில். சிறப்பு விருந்தினர் வார்டு கவுன்சிலர்; கூரம் பக்கம் விவசாயக் குடும்பம், புதிதாக அரசியலுக்கு வந்தவர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. வியர்த்த கையைக் கொப்பரைக்குள் முழங்கைவரை விட்டுக் கலக்கினார். வெளியே எடுத்தபோது முழங்கைவரை அரக்கு நிறம். சபையார் ஐயோ என்றார்கள், அடிபட்டுவிட்டது என்று நினைத்து. முனுசாமி மட்டும் பின்னாலிருந்து, "ஒண்ணுமில்ல, கெட்டிச் சாயம், ஒரு வாரத்துல போயிரும்" என்று ஆறுதல் சொன்னார்.

முறைப்படி மூன்றாம் பரிசிலிருந்து ஆரம்பித்தோம். கவுன்சிலர் எடுத்துத் தருவார், நான் மைக்கில் வாசிப்பேன். சுவர்க் கடிகாரம்: ஆயரின் மனைவி.

கூட்டம் சிரித்தது. கைதட்டலும் இருந்தது.

இரண்டாம் பரிசு, குக்கர்: பொருளாளரின் தம்பி.

இந்தத் தடவை கைதட்டல் இல்லை. "ஓகோ!" என்று ஒரு குரல். "ஆயரம்மா வூட்ல மணி பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லியாம்பா, பாவம்" என்று இன்னொரு குரல். முனுசாமி எழுந்தே நின்றுவிட்டார். "மாவரைக்கற கல்லு யாருக்குன்னு நான் இப்பவே சொல்லட்டுமா? கோயில் ஆளுங்களுக்குத்தான்! எங்க காசுல உங்க வூட்டை ரொப்பிக்கினு போறீங்களேப்பா!"

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டும் சுத்தமான குலுக்கல். எந்தத் தில்லுமுல்லும் இல்லை. தில்லுமுல்லு செய்திருந்தால் இவ்வளவு அசிங்கமாகவா செய்வோம்?

கவுன்சிலர் மூன்றாவது முறை கையை விட்டார். ஹாலில் வௌவால் சத்தம்கூடக் கேட்டது. எடுத்து, பிரித்து, என் கையில் கொடுத்தார்.

முந்நூற்று நாற்பத்தொன்று. எஸ்தர் பாக்கியநாதன்.

ஓர் ஓரத்தில் மட்டும் சாயம் பட்டிருந்தது. எழுத்து, என் எழுத்து, முத்து முத்தாக இருந்தது. எஸ்தர் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பாட்டுப் புத்தகம். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். அடுத்த நொடியே விளங்கிவிட்டது. இந்தப் பெயரை வாசித்தால் கட்டடம் இல்லை. ஆயர் மனைவி, பொருளாளர் தம்பி, இப்போது எழுத்தர் மனைவி. ஊரில் ஒருத்தர் இனி ஒரு ரூபாய் தர மாட்டார். அந்தத் தெர்மாமீட்டர் அடிக்குமிழோடு செத்துப்போகும்.

ஆயர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தாளை எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அங்கி நுனியால் துடைத்துக்கொண்டே, எதிர்ச் சுவரைப் பார்த்து, மைக்கில் விழும்படி மெதுவாகச் சொன்னார்.

"பாக்கியநாதன், எழுத்து தெளிவா இல்லைபோல. சாயம் பட்டிருக்கும்."

பொய் சொல் என்று அவர் சொல்லவில்லை. அவர் அகராதியில் அந்தச் சொல்லே கிடையாது.

"ஆமாங்க ஐயா" என்றேன் மைக்கில். "சாயம் பட்டு அழிஞ்சிருக்குது. படிக்க முடியலை. வேற எடுத்துடலாம்."

அடிக்கட்டையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கவுன்சிலர் மறுபடியும் கலக்கினார். அடுத்து வந்ததை வாசித்தேன். வரதாச்சாரி, சின்ன காஞ்சிபுரம்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஹால் அதிர்ந்தது. ஓடு ஏதும் விழாமல் இருந்தது அதிசயம். சர்ச்சுக் குலுக்கலில் ஐயங்கார் வீட்டுக்குக் கிரைண்டர்! முனுசாமியே கைதட்டினார். "நான் வாயைக் குடுத்துட்டேன், மன்னிச்சிக்கங்கப்பா. இவ்ளோ நேர்மையா எவனும் பண்ண மாட்டான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பலபேர் வந்து தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். வாழ்க்கையில் நான் செய்த ஒரே மோசடிக்கு அந்த ஊரே என்னை நேர்மையானவன் என்றது, நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். எஸ்தர் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அந்த மாதத்திலிருந்து பணம் வரத் தொடங்கியது. நெசவாளர்கள், ஜரிகைக் கடைக்காரர்கள், பஸ் நிலையத்து வியாபாரிகள் என்று கேட்காதவர்களும் கொடுத்தார்கள். தெர்மாமீட்டருக்கு ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் போதவில்லை. ஆயர் அதைக் 'காத்திருப்பின் கனி' என்றார்.

திங்கட்கிழமை காலை என்ன நடந்தது என்று சொல்கிறேன். சட்டைப் பையிலிருந்த அடிக்கட்டை எனக்கு முற்றிலும் மறந்துவிட்டது. பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அரக்குக் கறை. எஸ்தர் ஆட்டுக்கல்லில் இடது கையால் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சாயம் போவலைங்க" என்றாள்.

"கெட்டிச் சாயமாம்" என்றேன்.

அடிக்கட்டை தண்ணீரில் கரைந்துபோயிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கரையக்கூடிய தாளில் நாங்கள் அச்சடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதற்கு மேல் அதை யோசிக்காமலிருக்க அலுவலகத்தில் கிடைத்த பயிற்சி உதவியது, ஆயர்கள் பலரிடம் கற்றது.

வரதாச்சாரி சாருக்கு விஷயத்தைச் சொல்லப் போனேன். சந்தோஷப்படவில்லை.

"அதான் சொன்னேனே, ஆத்துல சேர்க்க மாட்டான்னு. அது கெடக்கட்டும். முதல்ல எடுத்த சீட்டைப் படிக்க முடியலைன்னாளாமே? அதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்படியா" என்றார். உள்ளே போய் மோர் கொண்டுவரச் சொன்னார். ஒரு கணக்கு வாத்தியாரிடம் இதைவிட மோசமாக யாரும் மாட்டிக்கொண்டிருக்க முடியாது. மறுவாரம் மூன்று சக்கர வண்டியில் கிரைண்டர் திரும்பி வந்தது. புதிய கூடத்தின் சமையற்கூடத்துக்கு அவருடைய அன்பளிப்பு. ஊர் இன்னும் நெகிழ்ந்தது. கிரைண்டர்மேல் 'உபயம்: வரதாச்சாரி, சின்ன காஞ்சிபுரம்' என்று பெயின்டரை வைத்து எழுதினோம்.

கூடம் கட்டி முடிந்தது. திறப்பு விழாக் கல்லில் நாற்பத்தெட்டுப் பெயர்கள், கொடுத்ததற்கேற்ப எழுத்தின் அளவு. விதிமுறைகளைக் குழு சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். ஒன்பதாவது விதி: நிகழ்ச்சி இல்லாத நாட்களில் பொதுமக்கள் சமையற்கூடக் கிரைண்டரை மணிக்கணக்கில் வாடகைக்குப் பயன்படுத்தலாம். ஆயர் 'வாடகை' என்பதை அடித்துவிட்டுப் 'பயன்பாட்டுப் பங்களிப்பு' என்று மாற்றினார்.

முதல் வாரமே ஊறவைத்த அரிசியும் உளுந்தும் இரண்டு குண்டானில் எடுத்துக்கொண்டு எஸ்தர் வந்தாள். தோள் அவ்வளவு மோசமாகியிருந்தது. ஒரு மணி நேரம் அரைத்தாள். கல்லைச் சாய்த்து மாவை வழித்தாள். துடைத்தாள். அலுவலக ஜன்னலுக்கு வந்து காசை நீட்டினாள். நான் ரசீது எழுதினேன். பெயர்: எஸ்தர் பாக்கியநாதன். இனம்: கிரைண்டர், ஒரு மணி. கையொப்பம். வாரத்துக்கு இரண்டு முறை, எங்கள் மகள் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கித் தரும்வரை, ஏழு வருடம். பணம் வேண்டாம், உள்ளே போய் அரைத்துக்கொள் என்று ஒரு நாள் சொன்னேன். "ரூல் இருக்குதேங்க" என்றாள். நான் அடித்த விதி.

இதுவரை எழுதிவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். நேற்றுக் காலை எஸ்தர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குலுக்கல் வந்தபோதும் அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

முடித்ததும் எழுந்து போய்ப் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். முந்நூற்று நாற்பத்தொன்றாம் பாட்டின் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. சீட்டும் இருந்தது, அடிக்கட்டையும் இருந்தது. இரண்டும் அரக்கு நிறம். பக்கத்துப் பாட்டுகள் இரண்டும்கூடக் கொஞ்சம் அரக்கு நிறம்.

"அன்னைக்கே பாத்துட்டேங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். இருவத்தஞ்சி வருஷத்துக்கு மேல ஆயிப்போச்சு."

"கட்டடம் நின்னுபோயிருக்கும் எஸ்தர்."

"அது எனக்குத் தெரியாதா? எனக்குக் கிரைண்டர் வரலைன்னு வருத்தம் இல்லைங்க. அந்த நேரம் என் பக்கம் ஒரு பார்வை பாத்திருந்தீங்கன்னா நானே எழுந்து நின்னிருப்பேன். 'என் சீட்டுதாங்க, கூடத்துக்கே வெச்சிக்குங்க'ன்னு வாயால சொல்லியிருப்பேன். அந்த ஐயங்கார் சாருக்குத் தட்டின மாதிரி எனக்கும் தட்டியிருப்பாங்க. சொல்லுங்க, எனக்கு எப்பயாவது யாராவது கை தட்டியிருக்காங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, வயசான காலத்தில் வெட்கமாக. அவள் அது முடியும்வரை காத்திருந்தாள். கண்ணாடியைத் துடைக்க எடுத்தேன். "அதெல்லாம் வேணாம், மாட்டுங்க" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். வெள்ளி விழாவுக்கு அந்தத் திறப்பு விழாக் கல்லில் நாற்பத்தொன்பதாவதாக உன் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஜான்சனுக்கு எழுதுகிறேன் என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

எஸ்தர் சிரித்துவிட்டாள். "கல்லுல பேரு வெச்சிக்கினு நான் இன்னாங்க பண்ணப்போறேன்? அந்த வாடகைக் காசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். ஏழு வருட ரசீதுகள். வருடவாரியாக ரப்பர் போட்டுக் கட்டியிருந்தாள்.

ஆகவே, ஜான்சன், மலர்க் குழுவினர் கவனத்துக்கு: இந்தக் கட்டுரையோடு அந்தப் பையையும் கொடுத்தனுப்புகிறேன். சபைக் குழு முன் வைத்து ஆவன செய்யவும். 'பங்களிப்பு' என்று போட்டிருக்கிறதே, திருப்பித் தர முடியாதே என்று யாராவது சொன்னால், அது வாடகை என்று நானே வந்து சாட்சி சொல்கிறேன். கம்ப்யூட்டரில் சரிபார்க்கத் தேவையில்லை. எல்லா ரசீதும் என் கையால் எழுதியது. நேற்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட அழியவில்லை.